ஞாயிற்றுக்கிழமை ஓடிய மீட்டர்

மலேசியாவில், செரம்பான் பேருந்து நிலையத்தில் யாரையும் விசாரிக்காமல் வண்டி ஏறியது முழுக்க என் தவறு. ஆலை மேலாளர் "கார் அனுப்பட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டபோது, "எதற்கு, நானே வந்துவிடுவேன்" என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். கோயம்புத்தூரில் உக்கடத்துக் கூட்டத்தில் முண்டியடித்து ஏறிப் பழகியவளுக்கு வேறு எந்த ஊர்ப் பேருந்தும் பெரிய விஷயமில்லை என்ற எண்ணம். லுக்குட் பக்கம் போக வேண்டியவள், மடியில் பதினொரு கிலோ கருவிப் பெட்டியுடன் எதிர்த்திசையில் மலை ஏறிக்கொண்டிருந்தேன்.

வளைவுக்கு வளைவு பெட்டி என் விலாவில் இடித்தது. எதிர் இருக்கையில் இரண்டு மலாய்ப் பெண்கள் அந்தப் பெட்டியையே பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் தமிழ்ப்பிள்ளை. கேட்காமலேயே மொழிபெயர்த்துச் சொன்னாள். "உள்ள தையல் மெஷினா, இல்ல ஏதாச்சும் வாத்தியமான்னு பேசிக்கிறாங்க ஆன்ட்டி. நீங்க எங்க போறீங்க?"

"புக்கிட் பெலண்டோக்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி, இது கோலா கிளாவாங் போற பஸ்லா. நீங்க அந்தப் பக்கம் போயிருக்கணும்." கை காட்டிய திசை எங்களுக்கு நேர் பின்னால் இருந்தது. மலாய்ப் பெண்களுக்கும் அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர்கள் அடுத்த இருபது நிமிடம் எனக்காக வருத்தப்பட்டார்கள்.

திரும்பும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. கோலா கிளாவாங் சிறிய ஊர், சுற்றிலும் மலை, கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பச்சைக் காந்தாரி மிளகாயும் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்துச் செய்த மீன் குழம்பு. இந்த மாநிலத்தின் பெருமை அதுதான் என்று பிறகு பலர் சொன்னார்கள். நிறத்தைப் பார்த்து நம்மூர் மோர்க்குழம்பு போல என்று நினைத்துத் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். மூன்றாவது வாயில் காது அடைத்துவிட்டது. கடைக்கார அம்மாள் ஒரு தட்டில் வெள்ளரித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார். முடித்தேன். மிச்சம் வைக்கவில்லை.

நான் செய்யும் வேலை, ஆலைகளில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வது. நூற்பாலை, வார்ப்பாலை, சாயப்பட்டறை என்று எங்கள் பக்கத்தில் நான் கருவி மாட்டாத கூரை குறைவு. ரப்பர் ஆலை மட்டும் பார்த்ததில்லை. கோவையில் ஒரு மாநாட்டில் சந்தித்த மலேசியத் தமிழர் ஒருவர் மூலம் இந்த அழைப்பு வந்தது. ஐந்து நாள் வேலை, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மூடியிருக்கும் நாளில் என்ன அளப்பது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மாலையில் செரம்பானுக்குத் திரும்பி வந்தபோது மேலாளர் குலசிங்கம் காருடன் காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்காக வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வீடு செரம்பானிலேயே தெமியாங் பகுதியில். எனக்கும் அங்கேயே ஒரு விடுதி பார்த்திருந்தார். "வெல்கம் டு ஜெலெபு, மேடம்" என்றார், நான் எங்கே போய் வந்தேன் என்பது தெரிந்த சிரிப்புடன்; கோலா கிளாவாங் இருக்கும் மாவட்டத்தின் பெயர் அது. "என் தமிழ் ரொம்ப மோசம். யூ மஸ்ட் அட்ஜஸ்ட்."

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னார். ஆலைக்குச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணியோடு வேலை முடியும். திங்கள் காலைதான் மறுபடி திறப்பு. ஆனால் மீட்டர் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. காவலாளியின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஓடுகிற ஓட்டமல்ல. ஒரு சின்னப் பட்டறையே நடப்பது போன்ற ஓட்டம். ஆலைக்குப் பின்னால் ஆறு லயத்து வீடுகள், அதாவது ஒரே வரிசையாகக் கட்டிய குடியிருப்பு; பழைய தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்கள். ஆலையிலிருந்து ஆற்றங்கரைப் பம்புக்குப் போகும் கேபிள் அந்த வீடுகளின் முதுகை ஒட்டித்தான் போகிறது. கோலாலம்பூர் தலைமை அலுவலகம் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது: திருட்டு.

"நானே பெரட்டுல சொல்லிட்டேன், மேடம். டூ மந்த்ஸ் ஆச்சு. லயத்து ஆளுங்க கரண்ட் எடுக்கறாங்க, ப்ரூவ் ஆனா இந்த மாசக் கடைசியில ஆறு வீடும் காலி பண்ணணும்னு." பெரட்டு என்பது காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நிற்கும் நேரம். தோட்டக் காலத்து வழக்கம், ஆலையிலும் விடவில்லை.

"அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"நத்திங். ஒருத்தர்கூட வாய் திறக்கல. அதான் எனக்கு ஷுவர்."

"திருட்டு என்றால் மூன்று நாளில் இடத்தோடு காட்டிவிடுவேன். திருட்டு இல்லை என்றாலும் காட்டிவிடுவேன்" என்றேன். மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஆலை வாசலில் இறங்கினேன். ரப்பர் ஆலையின் வாசனையைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை. சிறு தோட்டக்காரர்கள் கொண்டுவரும் கட்டிப்பால், அதாவது மரத்துக் கோப்பையிலேயே உறைந்த ரப்பர், முற்றத்தில் குன்றாகக் குவிந்திருந்தது. புளித்துப்போன மாவும் ஈரத்தோலும் சேர்ந்தது போல ஒரு நாற்றம். ஒரு மணி நேரத்தில் மூக்கு சமாதானமாகிவிட்டது, துணி மட்டும் ஊர் திரும்பும் வரை ஆகவில்லை.

பெரட்டில் எண்பது பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் வங்காளதேசத்துப் பிள்ளைகள், கொஞ்சம் மலாய்க்காரர்கள், மீதி நம்மவர்கள். பெயர் கூப்பிட்டவர் லெட்சுமி அக்கா. ரப்பரை நசுக்கித் தகடாக்கும் உருளைப் பிரிவின் மண்டோர், அதாவது மேஸ்திரி. ஐம்பது தாண்டியவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. லயத்தில் முதல் வீடு அவருடையது என்று குலசிங்கம் என் காதருகே சொன்னார். அவர் சொல்வதை லெட்சுமி அக்கா பார்த்துவிட்டார். பெயர் கூப்பிடுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

எனக்கு உதவியாக வந்தவன் ரவி, ஆலையின் சார்ஜ்மேன். மின்சாரப் பொறுப்பு முழுக்க அவன் கையில், அதற்கான அரசாங்கச் சான்றிதழும் உண்டு. முப்பத்தைந்து வயது, சுறுசுறுப்பு. கம்பியைத் தொடும் விதத்திலேயே நல்ல கைக்காரன் என்று தெரிந்தது. இருவரும் சேர்ந்து பிரதான பலகையிலும் அதன் கிளைகளிலும் பதிவுக் கருவிகளை மாட்டினோம். எந்த இயந்திரம் எந்த நிமிடம் எவ்வளவு இழுத்தது என்று அவை எழுதிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தையை நான் எடுத்தால் மட்டும் ரவிக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

முதலில் அந்தக் கேபிளைப் பார்த்தேன். முறை எளிது. பம்பு ஓடும்போது கேபிளின் ஆலைப்பக்க முனையிலும் பம்புப்பக்க முனையிலும் ஒரே நேரத்தில் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். நடுவில் யாராவது கொக்கி போட்டிருந்தால் உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒத்துப்போகாது. ரவியை ஆலையில் நிறுத்தி, நான் ஆற்றங்கரையில் நின்று, தொலைபேசியில் எண்களைச் சொல்லிக்கொண்டோம். அரை மணி நேரம் பார்த்தோம். இரண்டு முனைகளும் ஒரே எண்ணைச் சொன்னன. பிறகு கேபிளோடு நடந்து வந்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

லயத்து வழியாகத் திரும்பியபோது ஐந்து வீட்டுக் கதவுகள் சாத்தியிருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த லெட்சுமி அக்கா மட்டும் வாசலில் நின்றார். "உள்ள வந்து பாருங்க. எங்க மீட்டர் அந்தா இருக்கு. பில்லு எங்க பேருக்குத்தான் வருது" என்றார். குரலில் கோபமில்லை, அலுப்பு இருந்தது. உள்ளே ஒரு குளிர்பெட்டி, ஒரு மின்விசிறி, ஒரு சோற்றுப்பானை. அவர் வீட்டு மீட்டரும் ஒழுங்காகவே ஓடியது.

"இங்கே ஒன்றும் தப்பில்லை அக்கா. மேலாளரிடம் சொல்கிறேன்" என்றேன். அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் கீழே பார்த்தார். "நீங்க நல்லா அளங்கம்மா" என்று மட்டும் சொன்னார். எனக்கு எங்கேயோ இடறியது.

குலசிங்கத்தின் பதில் தயாராக இருந்தது. "மேடம், நீங்க வர்றீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தே ரிமூவ்ட் இட். ஹெட் ஆபீஸ் இதை ஒத்துக்க மாட்டாங்க." எரிச்சலாக வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் போதாது. ஞாயிற்றுக்கிழமை தின்கிற வாய் எது என்று காட்டினால்தான் அந்த ஆறு வீடும் தப்பும்.

சனிக்கிழமை என் வழக்கமான வேலைகளைச் செய்தேன், அதிலும் நல்ல வேட்டைதான். தேநீர் இடைவேளையில் உருளைகள் ரப்பரே இல்லாமல் சும்மா சுழன்றுகொண்டிருந்தன. "நிப்பாட்டினா திரும்பக் கெளம்பாது" என்றார்கள். அது பழைய மோட்டார்களின் காலத்துப் பயம். புதியவை வந்து பல வருடம் ஆகியும் பழக்கம் மாறவில்லை. எங்கள் ஊர் நூற்பாலைகளிலும் இதே கதை உண்டு, இதே பதிலும் உண்டு. உலர்த்தும் அடுப்பின் பெரிய விசிறியை முழு வேகத்தில் ஓட்டி, காற்றைத் தடுக்கப் பலகை வைத்திருந்தார்கள். விசிறியின் வேகத்தையே குறைக்கலாம் என்று எழுதிக்கொண்டேன். லெட்சுமி அக்கா என் பேச்சைக் கேட்டுவிட்டு, அன்றைய இரண்டாவது இடைவேளையில் தானாகவே இரண்டு உருளைகளை நிறுத்திப் பார்த்தார். இரண்டும் ஒரு முக்கலும் இல்லாமல் மறுபடி கிளம்பின. "ஆமாலா, கெளம்புதே!" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மதியம் சாப்பிட ரவி என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் லுக்குட்டுக்கு அழைத்துப் போனான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நம்மூர் மழை முதலில் இரண்டு தூறல் போட்டு நோட்டம் பார்க்கும். இந்த ஊர் மழைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. இருந்த ஒரே மழைக்கோட்டை என் கருவிக்குப் போர்த்திவிட்டு நாங்கள் இருவரும் நனைந்தோம். எண்ணெய்ப்பனை மரங்களுக்கடியில் வண்டி நின்றுபோனது. கடைசியில் கடையை அடைந்தபோது மீன்தலைக் கறி தீர்ந்திருந்தது. சோறும் சாம்பாரும் பொரித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு, தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று ரவி சொல்லிக்கொடுத்த மலாய் வாக்கியத்தைச் சரியாகச் சொன்னேன். அப்படியும் இனிப்பான டப்பாப் பால் ஊற்றித்தான் வந்தது.

ஞாயிறு காலை. மூடிய ஆலை போல அமைதியான இடம் வேறு கிடையாது. வெள்ளிக்கிழமை ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத இடத்தில் இப்போது என் செருப்புச் சத்தம் கூரையில் எதிரொலித்தது. ரவி விருப்பமில்லாமல் வந்திருந்தான். பிரதான பலகையில் மாட்டிய கருவியைப் பார்த்தேன். குலசிங்கம் சொன்னது சரி, ஏதோ ஒன்று பசியோடு தின்றுகொண்டிருந்தது. பம்புக் கேபிளில் சுழி. அடுப்புப் பக்கத்துக் கிளைப்பலகையில்தான் முழு இழுப்பும் இருந்தது.

அப்போதுதான் காதில் விழுந்தது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். கூரையோரக் குழாயில் ஒன்று, அடுப்புக் கதவில் ஒன்று, தள்ளுவண்டிப் பக்கம் இரண்டு. சோப்புத்தண்ணீர் தடவினேன். மூட்டுக்கு மூட்டு நுரை பொங்கியது. காற்றுக் கசிவு! அடுப்புக் கதவைத் தூக்கவும் பெட்டிகளைத் தள்ளவும் அழுத்தக் காற்று வேண்டும். அதைத் தரும் கம்ப்ரசர் மூலையில் தனி அறையில் இருந்தது. கசிந்து கசிந்து அழுத்தம் இறங்கியதும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது தானாக உறுமிக்கொண்டு எழுந்தது. தொட்டியை நிரப்பிவிட்டு அடங்கியது. சில நிமிடத்தில் மறுபடி எழுந்தது. சனி மதியத்திலிருந்து திங்கள் காலை வரை, நாற்பது மணி நேரம், யாருக்கும் வேண்டாத காற்றை அடைத்து அடைத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது.

"இதை ஏன் நிறுத்தவில்லை?" என்றேன்.

"அவங்கவங்க மெஷின அவங்கவங்க நிப்பாட்டிட்டுப் போவாங்க மேடம். இதுக்குத் தனியா ஆள் இல்ல."

"சரி, கிளைப்பலகையின் மெயினை இறக்கிவிட்டால் மொத்தமும் அடங்குமே. அதைக்கூடவா யாரும் செய்வதில்லை?"

ரவி குனிந்து சோப்பு நுரையைத் துடைக்கத் தொடங்கினான். எனக்கோ கண்டுபிடித்த உற்சாகம் தலைக்கேறியிருந்தது. கைப்பிடியைப் பிடித்து இறக்கினேன். "மேடம், வேணாம்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அது இறங்கிவிட்டது. பிரதான பலகையில் எண் சரிந்து தரைக்கு வந்தது. அந்த இடத்திலேயே குலசிங்கத்தைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் திருடனைப் பிடித்துவிட்டேன், உடனே வாருங்கள்" என்றேன். என்மேல் எனக்கே பிரியம் பொங்கியது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டு இருவரும் போனோம். லயத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு லெட்சுமி அக்கா முன்னால் நின்றார். அவர்கள் ஆலைக்குள் வரவில்லை. வேலியோர மரத்தடியில் இருந்த முனீஸ்வரர் கோயிலின் முன்னால் நின்றார்கள். கோயில் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு சூலம், மேலே ஒரு சின்ன விளக்கு. விளக்கு அணைந்திருந்தது.

"மெயின யாரு அடைச்சது?" என்றார் லெட்சுமி அக்கா.

"நான்தான்" என்றேன்.

ரவிதான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டே. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆளின் கை உருளையில் சிக்கிப் போய்விட்டது. அதற்குப் பிறகு முனீஸ்வரருக்கு அணையாமல் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ரவிக்கு முன் இருந்த சார்ஜ்மேன் பக்கத்திலிருந்த அடுப்புக் கிளைப்பலகையிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தார். நிர்வாகத்திடம் கேட்கவில்லை; சொன்னால் விளக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ரவியும் மறைத்தே வந்தான். அன்றிலிருந்து அந்த மெயினை யாரும் இறக்குவதில்லை. புதிதாக வருகிற வங்காளதேசத்துப் பிள்ளைக்குக்கூட முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அதைத் தொடாதே என்று.

லெட்சுமி அக்கா என் முன்னால் வந்து நின்றார். "எடுத்தோம்மா. நாங்கதான் எடுத்தோம். சார் பெரட்டுல சொன்னப்போ அதான் யாரும் வாய் தொறக்கல. பொய் சொல்ல முடியுமா? கேக்காம எடுத்தது எடுத்ததுதானே. இவ்ளோ கரண்ட்டு போவும்னு எங்களுக்குத் தெரியாது."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. இரண்டு மாதமாக ஆறு குடும்பம் இந்தச் சின்ன விளக்குதான் ஆலையின் மின்சாரத்தையெல்லாம் குடிக்கிறது என்று நம்பி, குற்றவாளிகளாகத் தலைகுனிந்து நின்றிருக்கிறது! ஆனால் சிரித்த வாயை மூடுவதற்குள் அவர் கண்ணைப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் அளந்திருக்கிறேன், எத்தனையோ கருவி வைத்திருக்கிறேன், இவர்கள் ஏன் பேசவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

பெட்டியிலிருந்து சின்ன அளவியை எடுத்து வந்தேன். ரவி விளக்கின் கம்பியை அதில் செருகி, காவலாளி அறையின் இணைப்பில் மாட்டினான். விளக்கு எரிந்தது. அளவியை லெட்சுமி அக்காவின் கையிலேயே கொடுத்தேன். "படியுங்கள் அக்கா."

"ஒம்பது."

"ஒன்பது வாட். இந்த விளக்கு ஒரு வருஷம் முழுக்க, ராத்திரி பகல் எரிந்தால் எவ்வளவு குடிக்குமோ, அதை அந்த மூலையில் இருக்கிற கம்ப்ரசர் இரண்டரை மணி நேரத்தில் குடித்துவிடும். வார ஓய்வில் அது எழுந்து எழுந்து ஓடியது நாற்பது மணி நேரம். நீங்கள் எடுத்தது இது. காணாமல் போனது அது."

பின்னால் நின்ற ஒருவர் சத்தமாக அழத் தொடங்கினார். லெட்சுமி அக்கா அளவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "ஆனா வெளக்குக்காக மெயின அடைக்காம விட்டதாலதானே அது ஓடிச்சு?"

இத்தனை ஆலைகளில் எத்தனையோ பொறியாளர்களுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறேன், இந்தக் கேள்வியை இவ்வளவு சீக்கிரம் கேட்டவர்கள் மிகக் குறைவு. "ஆமாம்" என்றேன். "அதையும் எழுதுவேன். ஆனால் கம்ப்ரசரை நிறுத்த ஓர் ஆள் போடாதது நிர்வாகம். குழாயெல்லாம் ஓட்டையானது பராமரிப்பு. அதையெல்லாம் முதலில் எழுதுவேன்."

குலசிங்கம் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் காட்டினேன். மெயினை ஏற்றினேன், இறக்கினேன், சோப்பு நுரையைக் காட்டினேன், விளக்கையும் காட்டினேன். நல்ல மனிதர்தான், முகத்தில் நிஜமான நிம்மதி தெரிந்தது. "ஸோ நோ தெஃப்ட். வெரி குட். ரவி, அந்த வயரைக் கழட்டு. சாமி லைட்டுக்கு கார்ட் ரூம்லேர்ந்து ப்ராப்பரா கொடுத்துடு."

"வேணாம் சார்" என்றார் லெட்சுமி அக்கா. "எங்க வீட்டு மீட்டர்லேர்ந்து போவட்டும். நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஓகே, ஓகே. அப்போ செட்டில்ட்லா. யாரும் காலி பண்ண வேணாம். மேடம் ரிப்போர்ட்ல எல்லாம் எழுதிடுவாங்க."

"அந்த ரிப்போட்டு எங்க லயத்துக்கு வருமா சார்?"

குலசிங்கம் திகைத்தார். "அது ஹெட் ஆபீஸுக்குப் போவும்."

"நீங்க பெரட்டுலதானே சொன்னீங்க. எம்பது பேரு முன்னுக்கு. எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்களே அன்னிலேர்ந்து என்னப் பாத்தா பையத் தூக்கி மடியில வச்சிக்கிறானுங்க." அவர் குரல் அப்போதுதான் முதல் முறையாக உடைந்தது. "பெரட்டுலயே சொல்லுங்க சார்."

குலசிங்கம் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. "திங்கள் காலையிலும் எனக்கு இங்கே வேலை இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அன்று சாயங்காலமே ரவி புதுக் கம்பி இழுத்து முடித்தான்.

தெமியாங் விடுதியில் உட்கார்ந்து அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதினேன். வழக்கமாக அங்கே சேமிப்பு அட்டவணை வரும். இந்த முறை முதல் வரியாக, லயத்து வீடுகளுக்கு மின்சாரம் திருட்டுத்தனமாகப் போகவில்லை என்று எழுதி, அளந்த முறையையும் எழுதினேன். அதே வரியைத் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக் குலசிங்கத்திடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதித் தரச் சொன்னார். தந்தேன்.

திங்கள்கிழமை பெரட்டு. எண்பது பேரும் வரிசையில் நின்றார்கள். லெட்சுமி அக்கா பெயர்ப் புத்தகத்தைத் திறக்காமல் கக்கத்தில் வைத்திருந்தார். குலசிங்கம் படியில் ஏறி நின்று தாளைப் பிரித்தார். தலையைத் தூக்காமல், தாளுக்குள்ளேயே பேசுவது போல ஒரே மூச்சில் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முன்வரிசையில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"சார்" என்றார் லெட்சுமி அக்கா. "பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

குலசிங்கம் நிமிர்ந்தார். சட்டைப் பைக்குப் போன கை தாளை எடுக்காமலே திரும்பி வந்தது. இரண்டு படி இறங்கி, வரிசைக்கு நேர் முன்னால் வந்து நின்றார். "நான் தப்பு சொல்லிட்டேன்" என்றார், இந்த முறை பின்வரிசை வரை கேட்கும் குரலில். "லயத்து ஆளுங்க திருடல. லெட்சுமி திருடல. நான்தான் தப்பு." பிறகு யாரும் கேட்காமலே, மலாய்க்காரர்களும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நின்ற பக்கம் திரும்பி, அதையே மலாயில் முதலிலிருந்து சொன்னார்.

லெட்சுமி அக்கா முழுவதையும் கேட்டார். சட்டைக் கையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டார். புத்தகத்தைத் திறந்து, முதல் பெயராகத் தன் பெயரைக் கூப்பிட்டு, "இருக்கேன்" என்று தானே பதில் சொன்னார்.